ராக்கெட் நத்தையின் இரண்டாம் சரணம்

ஜூலை 2, செவ்வாய்

ஆபீசில் மிச்சம் கிடந்த டைரிகளைக் குப்பைக்கு அனுப்பும்போது ஒன்றை எடுத்துவந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கள் கம்பெனி மோட்டார் பம்ப் படம் ஒன்று இருக்கிறது. பாதி வருஷம் போன பிறகு டைரி தொடங்கினால் யாரும் கேஸ் போடப்போவதில்லை. கை சும்மா இருந்தால் நகத்தைக் கடிக்கிறேன். அதற்கு எழுதுவது தேவலை.

முதலில் சேதி. ஆகஸ்ட் பத்தாம் தேதி எங்கள் பேண்டுக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி கிடைத்திருக்கிறது. இன்ஜினியரிங் காலேஜ் மைதானத்தில் நாலாயிரம் பேர் வருவார்களாம். இதுவரை எங்களுக்கு அதிகபட்சக் கூட்டம் ஒரு மால் திறப்பு விழாவில் இருநூறு பேர். அதிலும் பாதிப் பேர் லிஃப்டுக்காக நின்றவர்கள்.

பேண்டின் பெயர் 'அஞ்சரை மணி'. நாங்கள் மூன்று பேர். செல்வின் பாடுவான், கிட்டாரும் வாசிப்பான். பகலில் மருந்துக் கம்பெனி ரெப். முபாரக் டிரம்ஸ். உக்கடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடையின் மாடியில்தான் பிராக்டீஸ், சத்தம் வெளியே போகாமல் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். நான் பேஸ் கிட்டார். பாடமாட்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்த கார்ட்டூன்களின் டைட்டில் பாட்டுகளை ராக் பாட்டாக்கி அடித்து நொறுக்குவது எங்கள் வேலை. எந்த ஊரில் வாசித்தாலும் சரியாக மாலை ஐந்தரைக்குத்தான் தொடங்குவோம். அப்போதுதானே கார்ட்டூன் போடுவார்கள்.

கடைசிப் பாட்டாக 'ராக்கெட் நத்தை' வைக்கலாம் என்றான் செல்வின். நான் வேண்டாம் என்றேன். டியூன் சரியில்லை, நாற்பது வினாடிதான் இருக்கிறது, யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று மூன்று காரணம் சொன்னேன். முபாரக் உடனே முழுப் பாட்டையும் பாடிக்காட்டினான். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன்.

வீட்டுக்கு வந்து பேஸுக்குக் கம்பி மாற்றினேன்.

ஜூலை 4, வியாழன்

போன வாரம்தான் கம்பி மாற்றியிருந்தேன் என்பது இன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது.

ஜூலை 7, ஞாயிறு

பிராக்டீஸ். 'ராக்கெட் நத்தை' எந்த நாட்டுக் கார்ட்டூனோ தெரியாது. ஓட்டுக்குள் ராக்கெட் வைத்துக்கொண்டு பறக்கும் ஒரு நத்தை. தமிழில் டப் செய்து இரண்டு வருஷம் ஓட்டினார்கள். பாட்டு இவ்வளவுதான்:

வீட்டைத் தூக்கி முதுகில வெச்சு
வெண்ணிலாவுக்கே பறக்குதடா
ராக்கெட் நத்தை, ராக்கெட் நத்தை!

இதையே இரண்டு தரம் பாடி முடித்துவிடுவார்கள். முதல் நாள் என்பதால் மெதுவாக வாசித்தோம். பாட்டு முடிந்ததும் செல்வின் நிறுத்தினான். முபாரக் நிறுத்தினான். என் விரல் நிற்கவில்லை. அது பாட்டுக்கு வேறு ஒரு சுருதிக்கு இறங்கி, நாலு வரி சுற்றி வந்து, மறுபடி பல்லவியில் போய் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று செல்வின் கேட்டான். சும்மா வந்தது என்றேன். "சும்மா வர்றதா இது? இது சரணம், கௌசி" என்றான். அப்போதே அதை மூன்று தரம் வாசிக்கவைத்து போனில் பதிவு செய்துகொண்டான். இதற்கு வார்த்தை எழுதிச் சேர்த்தால் நாற்பது வினாடிப் பாட்டு மூன்று நிமிஷப் பாட்டாகிவிடும் என்று ஒரே குதி.

மதியம் மூவரும் அங்கேயே சாப்பிட்டோம். வழக்கம்போல் என் டப்பாவில் பருப்பு சாதம். வழக்கம்போல் முபாரக் கிண்டல் செய்தான், டப்பாவைக் கழுவவே வேண்டாம், நீ தின்றாலே கழுவின மாதிரிதான் என்று. ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நல்ல பழக்கம்.

ஜூலை 9, செவ்வாய்

காந்திபுரத்தில் வடவள்ளி பஸ் ஏறினேன். வடவள்ளியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பிவந்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூலை 14, ஞாயிறு

செல்வின் சரணத்துக்கு வார்த்தை எழுதிவிட்டான்.

பள்ளிக்கூடம் விட்ட பின்னே
பையைத் தூக்கி வீசிவிட்டு
அஞ்சரைக்கு டிவி முன்னே
அத்தனை பேரும் சேர்ந்துவிட்டோம்

மோசமில்லை. பதிவு செய்து சாயங்காலம் நெட்டில் போட்டான். கீழே ஒரு கேள்வியும் சேர்த்தான்: இந்தப் பாட்டைத் தமிழில் முதலில் பாடியவர் யார்? கண்டுபிடித்தால் ஆகஸ்ட் பத்தாம் தேதி அவரை மேடையேற்றிப் பாடவைப்போம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் அந்தச் சரணத்தை விசிலடிக்கிறார். பாடியவர் யார் என்று நானூறு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். எல்லாப் பெயரும் தப்பு.

ஜூலை 17, புதன்

துணி அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கினேன். அதற்கு முன்னாலேயே ஒழுங்காகத்தான் இருந்தது. அம்மா கதவோரம் நின்று பார்த்தாள். ஆபீஸில் ஏதாவது பிரச்சினையா என்றாள். இல்லை என்றேன். உன் பாட்டை எதிர்வீட்டுப் பையன் போட்டுக் காட்டினான் என்றாள்.

ஜூலை 19, வெள்ளி

நேற்று முன்தினப் பக்கத்தைப் படித்தேன். அதற்கு முந்திய பக்கத்தையும் படித்தேன். எல்லாப் பெயரும் தப்பு என்று எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் சரியான பெயர் எனக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம். என் டைரிக்கே டபாய்த்துக்கொண்டிருப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பாடியவர் கோவை முகுந்தன். இந்தப் பக்கத்துக் கல்யாண மேடைகளில் இருபது வருஷம் பாடியவர். என் அப்பா.

எனக்கு ஐந்து வயதாகும்போது டப்பிங்கில் பாடச் சென்னைக்குப் போனார். முதலில் வாரத்துக்கு ஒரு தரம் வந்தார், பிறகு மாதத்துக்கு ஒரு தரம். இந்த நத்தைப் பாட்டு கிடைத்தபோது பத்து நாள் வீட்டில் இருந்து பாடிப் பாடிப் பழகினார். டிவியில் ஒரு துண்டுதான் போடுவார்களாம், இரண்டாவது சரணம் ஒன்று இருக்கிறது என்று எனக்குப் பாடிக்காட்டினார். அதன் வார்த்தை மறந்துவிட்டது. மெட்டு மட்டும் இருக்கிறது. பதிவுக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கே வேறு வீடு, வேறு மனைவி. அம்மா பள்ளிக்கூட லேபில் உதவியாளராக இருந்து என்னை வளர்த்தாள்.

அவர் போன இரண்டாவது மாதம் கார்ட்டூன் தொடங்கியது. தினமும் ஐந்தரைக்கு அப்பா குரல் வீட்டுக்கு வந்தது. அம்மா ரிமோட்டோடு தயாராக நிற்பாள். பாட்டு தொடங்கியதும் சத்தத்தை நிறுத்திவிடுவாள், நாற்பது வினாடி கழித்துத்தான் திரும்ப வைப்பாள். இரண்டு வருஷம் நான் ஊமைப் பாட்டைப் பார்த்தேன். நத்தை பறக்கும், எழுத்து ஓடும். அதில் அவர் பெயர் வராது.

வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு பறக்கும் நத்தையாம். பாடியவர் வீட்டைக் கீழே வைத்துவிட்டுப் பறந்தார்.

அவரை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. அவ்வளவுதான் வேண்டும் எனக்கு.

ஜூலை 24, புதன்

கண்டுபிடித்துவிட்டான்.

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் செல்வின் பைக்கோடு நின்றான். டீக்கடைக்குக் கூட்டிப்போனான். டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தான். அவன் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு பழைய சவுண்ட் இன்ஜினியர் மூலம் நம்பர் கிடைத்ததாம். காலையில் பேசியிருக்கிறான். பெரியவருக்கு நல்ல சந்தோஷமாம். எங்கள் பதிவை அனுப்பியிருக்கிறான். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டிருக்கிறார். பாடின செல்வினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேஸ் வாசிப்பது யார் என்று கேட்டிருக்கிறார்.

"இந்தச் சரணம் பாட்டுலயே கிடையாது தம்பி. கம்பெனி குடுத்தது பல்லவி மட்டுந்தான். இது நான் வீட்டுல என்ற பொண்ணுக்குச் சோறூட்டறதுக்காகப் போட்டது. அந்தப் புள்ளை பேரு கௌசிகாங்களா?"

இதைச் சொல்லிவிட்டு செல்வின் தரையைப் பார்த்தான். நான் டீயைக் குடித்தேன். வயதானால் மனிதர்கள் எதையாவது மாற்றிச் சொல்வார்கள் என்றேன். அதில் பதில் எதுவும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் ஒன்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் வரச்சொன்னால் வருகிறேன், இல்லாவிட்டால் வரமாட்டேன். முடிவை என் தலையில் கட்டிவிட்டார். கெட்டிக்காரர்.

ஜூலை 25, வியாழன்

அது பாட்டில் இருந்த சரணம்தான். டிவிக்காரர்கள்தான் வெட்டினார்கள்.

ஜூலை 26, வெள்ளி

மத்தியானம் லீவு போட்டுவிட்டு வாலாங்குளத்தை மூன்று சுற்று நடந்தேன். செருப்பு கடித்துவிட்டது. நாலாவது சுற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். வேறு யாரிடம் கேட்பது.

அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நத்தைப் பாட்டில் இரண்டாவது சரணம் உண்டா என்றேன். ஒரு துண்டை மடித்து வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். பிறகு தலை நிமிராமல், ராகமெல்லாம் இல்லாமல், கடை லிஸ்ட் படிப்பதுபோல் சொன்னாள்:

"கௌசுப் பாப்பா கண்ணை முழி
காக்கா வந்தா ஓட்டி விடு
பருப்பு சாதம் தின்னலைன்னா
பறந்துருவேன் வீட்டை விட்டு."

புதுப் பாட்டுக்கு வார்த்தை வரும்வரை வாய்க்கு வந்ததை வைத்துப் பாடிப் பழகுவது அவர்களுடைய தொழில் வழக்கம். அவர் எல்லா மெட்டிலும் வீட்டுச் சமாசாரத்தைத்தான் போட்டுப் பாடுவாராம். ஒருமுறை கரண்ட் போனதைக்கூடப் பாடினாராம். இது மட்டும் அவரே மெட்டும் போட்டது. நான் சாப்பிட அழிச்சாட்டியம் செய்வேன் என்பதால்.

அவர் கிளம்பிப்போன அந்த வாரம் நான் சாப்பிட்டேனா என்று கேட்டேன்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "கண்ணு, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். சும்மா கேட்டேன் என்றேன். "இருபத்திரண்டு வருசமா சும்மாவா கேட்டுட்டிருக்கற?" என்றாள். நான் எழுந்து மாடிக்குப் போய் மிச்சத் துணியை எடுத்து வந்தேன்.

திரும்பியபோது அவளே பேச்செடுத்தாள். டிவி சத்தத்தை நிறுத்தியது அவர்மேல் கோபத்தில் அல்ல என்றாள். முதல் நாள் நிறுத்தவில்லையாம். பாட்டு வந்ததும் நான் ஓடிப்போய் டிவியில் கன்னத்தை வைத்துக்கொண்டேனாம். பாட்டு முடிந்ததும் டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேனாம். "அந்த மூஞ்சியைத் தினமும் என்னால பார்க்க முடியாது சாமி. அதான்" என்றாள்.

எனக்கு இதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. அழுதேன். எழுதிவைக்கிறேன், அழுதேன். அம்மா துணியை மடித்து முடித்தாள்.

அவர் வருவதைப் பற்றியும் சொன்னேன். அம்மாவுக்கு வேண்டாம் என்றால் இதோடு விட்டுவிடலாம் என்றேன். "எனக்கு அவரோட முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. உனக்குத்தான் முடியல. உன் இஷ்டம்" என்றாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மதிய இடைவேளையில் ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிட்டேன். நாலு ரிங் வரை நடந்துகொண்டே இருந்தேன், அவர் எடுத்ததும் நின்றுவிட்டேன். குரல் இறங்கிப்போயிருந்தது. ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே அடையாளம் தெரிந்ததுதான் எரிச்சல்.

கௌசிகா பேசுகிறேன் என்றேன். நல்லா இருக்கியாம்மா என்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மன்னிப்பு அது இது என்று வரும்போல் இருந்தது. ஆபீஸ் மாடியில் நின்று கேட்கிற விஷயமா அது. குறுக்கே புகுந்தேன்.

"வரணும்னா வாங்க. மேடைக்கு வேண்டாம். எல்லாரும் மாதிரி கீழே கூட்டத்துல நின்னு கேளுங்க. என்னை வந்து பார்க்க வேண்டாம்."

"சரிம்மா" என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கடைசி பிராக்டீஸ். பழைய பாடகர் மேடைக்கு வரமாட்டார் என்று சொன்னேன். செல்வின் முகம் தொங்கிப்போனாலும் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்ததைச் சொன்னதும்தான் கொதித்தான். சரணத்தை வாசிக்கப்போவதில்லை என்றேன். நாற்பது வினாடிப் பாட்டை நாற்பது வினாடியாகவே வாசிப்போம்.

நாலாயிரம் பேரும் அந்தச் சரணத்துக்காகத்தான் வருகிறார்கள் என்றான். அதை எடுத்துவிட்டால் நமக்கு என்ன இருக்கிறது, ஐந்து வருஷமாக எதற்குக் கஷ்டப்பட்டோம் என்றான். அவன் சொன்னது அத்தனையும் நியாயம். அந்த வார்த்தை அவனுடையதுதான். ஆனால் மெட்டு எனக்குப் போட்டது. இந்த உலகத்தில் எனக்கென்று போடப்பட்டது அது ஒன்றுதான். அதை ஊர் முழுக்க விசிலடிக்கவிட்டதே என் விரல்தான். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. முடியாது என்று மட்டும் சொன்னேன்.

முபாரக் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பல்லவியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றான். இந்தத் தடவை இரண்டுக்கு ஒன்று என்று செல்வின் தோற்றான். கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கீழே இறங்கிப்போனான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கம்பி மாற்றினேன்.

ஆகஸ்ட் 10, சனி

வீடு வந்து சேர்ந்து குளித்துவிட்டு எழுதுகிறேன்.

ஐந்தரைக்குத் தொடங்கினோம். மழை வருவதுபோல் மிரட்டிவிட்டு வரவில்லை. அம்மா வந்திருந்தாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. முபாரக்கின் தங்கை அவளை நடுக்கூட்டத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தாள். நான் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து ஒரு மணி நேரம் என் ஷூவையே பார்த்து வாசித்தேன். ஒரு கிழவர் முகம் தெரிகிறதா என்று நான் தேடவில்லை. எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், தேடினாலும் தெரிந்திருக்காது.

கடைசியில் நத்தைப் பாட்டு. முதல் அடி விழுந்ததும் மைதானம் எழும்பியது. வீட்டைத் தூக்கி முதுகில வெச்சு. வளர்ந்த ஆட்கள், தொப்பை விழுந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எல்லாரும் ஒரு நத்தைக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். இரண்டாவது தரம் முடிந்தது. பேசிவைத்தபடி மூவரும் நிறுத்தினோம். உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து அமுக்கினேன்.

கூட்டம் நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடம் விட்ட பின்னே. நாலாயிரம் பேர், எந்த வாத்தியமும் இல்லாமல், அந்தச் சரணத்தைப் பாடினார்கள். தப்பில்லாமல் பாடினார்கள். செல்வின் மைக்கைவிட்டு விலகி நின்று என்னைப் பார்த்தான். வாசி என்று அவன் சொல்லவில்லை. கை ஜாடைகூடக் காட்டவில்லை. சும்மா நின்றான். செவ்வாய்க்கிழமை அவனை அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

இரண்டாவது வரி வரை கையை எடுக்கவில்லை. அத்தனை பேரும் என் சரணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இனி அது திரும்ப வராது என்று மட்டும் தோன்றியது. கோபம் வந்தது. அப்புறம், முன்வரிசையில் தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவதைப் பார்த்தேன். கீழ் சுருதி இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தள்ளாடியது. கையை எடுத்தேன். மூன்றாவது வரியிலிருந்து வாசித்தேன்.

முடிந்ததும் எவ்வளவு நேரம் கைதட்டினார்கள் என்று முபாரக்கைத்தான் கேட்க வேண்டும். நான் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு அம்மாவைத் தேடிப் போனேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று காலை அம்மா இட்லிக்குச் சட்னி அரைத்துவிட்டு மிக்ஸியை நிறுத்தியதும் சொன்னாள்.

"நேத்து எல்லாரும் புது வரியைப் பாடினாங்க. என்ற முதுகுக்குப் பின்னால ஒருத்தர் மட்டும் பழசைப் பாடினாரு. கௌசுப் பாப்பா கண்ணை முழின்னு."

திரும்பிப் பார்த்தாயா என்றேன். இல்லை என்றாள்.

சட்னியைக் கிண்ணத்தில் வழித்தாள். தாளிக்கக் கரண்டியை அடுப்பில் வைத்தாள். கடுகு பொரிந்து முடியும்வரை காத்திருந்தேன்.

"பருப்பு சாதம் வரைக்கும் பாடினாரு. கடைசி வரியை மட்டும் பாடல" என்றாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மதியம் டப்பாவில் பருப்பு சாதம். பாதி மிச்சம் வைத்தேன்.